கப்பல் இறங்கியாச்சு... பாண்டியில் எங்கே படுப்பது?

2025 ஜூலையில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கரைக்கு வரவில்லை. வரவும் முடியாது. அவ்வளவு பெரிய கப்பல் அணைவதற்கு இங்கே ஆழமும் இல்லை, துறையும் இல்லை. பயணிகள் படகுகளில் ஏறி உப்பளம் துறைமுகத்தில் இறங்கினார்கள், ஊரைச் சுற்றினார்கள், மறுபடி படகேறிக் கப்பலுக்கே போய்விட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2022 ஜூனில், இதே கப்பலைச் சென்னையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பியபோது பாண்டிச்சேரிக்கு அந்தப் பகல்பொழுதுகூட வாய்க்கவில்லை. ‘சூதாட்டக் கப்பல் எங்கள் ஊருக்கு வேண்டாம்’ என்று எதிர்ப்பு கிளம்பியது, அனுமதி கிடைக்கவில்லை, பயணிகளை இறக்காமலே கப்பல் திரும்பியது. சீட்டாட்டமும் மதுவும் பாண்டிச்சேரிக்குக் கப்பலேறித்தான் வரவேண்டுமா என்று அன்று கேட்டவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

நம் கவலை வேறு. கப்பலில் மூன்று நாள், ஐந்து நாள் சுற்றிவிட்டுச் சென்னைத் துறைமுகத்தில் காலையில் இறங்கும் குடும்பங்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, பாண்டியில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவோம்’ என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைத் திருப்புகிறார்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நகர நெரிசலையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம். இன்னொரு கூட்டம் தெற்கிலிருந்து வருகிறது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடத் தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்துக்காரர்கள் நாகையில் இறங்கிச் சிதம்பரம், கடலூர் வழியாகப் பாண்டிக்கு வந்துவிட முடிகிறது. இவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஒன்றோ இரண்டோ இரவு நிம்மதியாகப் படுக்க ஓர் அறை.

அந்த அறையைத் தேடும்போதுதான் ‘ஹெரிடேஜ்’, ‘கடல் பார்த்த அறை’, ‘பிரெஞ்சு வில்லா’ என்று போனில் படங்கள் வரிசைகட்டி வந்து கண்ணைக் கட்டுகின்றன. சுற்றிப் பார்க்க வருகிறவர் ஹோட்டல் தேடுவதும், கப்பலிலிருந்து இறங்கியவர் ஹோட்டல் தேடுவதும் ஒன்றல்ல. கப்பல் என்பதே மிதக்கும் ஹோட்டல். எம்ப்ரஸில் மட்டும் 800-க்கு நெருங்கிய அறைகள். பாட்டு, நடனம், நள்ளிரவு வரை சாப்பாடு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதன்பிறகு கரையில் இன்னொரு வேடிக்கையைக் காசு கொடுத்து வாங்குவதில் பொருளில்லை. கப்பல் எதைத் தரவில்லையோ அதைத் தேட வேண்டும். சத்தமில்லாத இரவு, நீளமாகக் கை காலை நீட்டக் கட்டில், துவைத்த துணி, ஒரு தட்டு ரசம் சாதம்.

கப்பலில் வந்த விருந்தாளிகள்

கப்பலில் வந்தவர்களுக்கு இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்கத்தாவிலிருந்து வந்த ‘டூப்ளே’ கப்பல் 1910 ஏப்ரல் 4 அன்று பாண்டிச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டது. அதில் மாற்றுப் பெயரில் வந்தவர் அரவிந்தர். இங்கிருந்து சீனிவாசாச்சாரியாரும், முன்கூட்டியே வந்திருந்த வங்க இளைஞர் சுரேஷ் சக்கரவர்த்தியும் படகில் போய், கப்பலிலேயே அவரோடு தேநீர் குடித்துவிட்டுக் கரைக்கு அழைத்து வந்தார்கள். தங்க வைத்தது கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடியில். தேடுகிற கண்களிலிருந்து மறைந்திருக்க அமைதியான மாடி. வாசலில் நம்பகமான வீட்டுக்காரர். அரவிந்தர் ஆறு மாதம் அங்கே இருந்தார். ஓட்டலுக்குப் போயிருந்தால் இரண்டு நாளில் பிரிட்டிஷ் ஒற்றர்கள் மோப்பம் பிடித்திருப்பார்கள்.

பிற்பாடு அன்னை என்று அழைக்கப்பட்ட மிரா, ஜப்பானிலிருந்து 1920 ஏப்ரல் 24 அன்று கப்பலில் வந்து இறங்கினார். முதலில் ஓட்டல் வாசம், பிறகு செயின்ட் மார்ட்டின் வீதியில் வாடகை வீடு. நவம்பர் 24 அன்று ஊரைப் புயல்மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய வீடு கரைந்துவிடும்போல ஒழுகியது. ‘இனி அங்கே இருக்க வேண்டாம்’ என்று அரவிந்தர் தம்முடைய வீட்டுக்கே அவரை அழைத்துக்கொண்டார். அரவிந்தர் ஆசிரம வரலாற்றில் அது பெரிய திருப்பம். நமக்கு அதில் சின்னப் பாடம் ஒன்று உண்டு. பாண்டிச்சேரியில் பழைய வீட்டின் அழகு, மழை வரும்வரை தெரிகிற அழகு. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அந்தக் காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். பயணிகளும் மூட்டைகளும் மசூலா படகில் அலை தாண்டி வரும். 1866-இல் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1952 புயல் அதைக் கொண்டுபோனது. அப்புறம் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. பல சினிமாக்களில் கதாநாயகன் ஓடிய பாலம் அது. 1910-லும் படகு, 2025-லும் படகு. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் பாண்டிச்சேரியில் கப்பல் பயணி கரையேறும் விதம் மாறவில்லை என்பது அரசு யோசிக்க வேண்டிய விஷயம்.

வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?

பாண்டிச்சேரியில் ஹோட்டல் என்பது முதலில் தெரு. பிறகுதான் கட்டிடம். நகரத்தின் பழைய பகுதி நான்கு சாலைகளுக்குள் முட்டை வடிவில் அடங்கிவிடும். கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, வடக்கே பட்டேல் சாலை. நடுவே வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் வாழ்ந்த புல்வார் பகுதி, இன்று எல்லோரும் ‘ஒயிட் டவுன்’ என்கிறார்கள். மேற்கே தமிழர் பகுதி. கடற்கரையிலிருந்து அண்ணா சாலை வரை நடந்தாலே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே ‘கடலுக்குப் பக்கம்’ என்பதற்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஒயிட் டவுனின் அழகை மறுக்க முடியாது. மஞ்சள் சுவர், உயர்ந்த ஜன்னல், சுவரேறி விழும் காகிதப்பூ. சுய்ப்ரேன் வீதியில் வில்லா சாந்தி, புஸ்ஸி வீதியில் பலே தெ மாஹே, கடற்கரைச் சாலையிலேயே ப்ரோமனாட் என்று பெயர்பெற்ற இடங்கள் எல்லாம் இங்கேதான். ஆனால் இந்த அழகுக்குத் தனி விலை உண்டு. சனி, ஞாயிறு ஆனால் சென்னையும் பெங்களூருவும் திரண்டு வந்து இந்தச் சில வீதிகளில்தான் நிற்கின்றன. மஞ்சள் சுவருக்கு முன்னால் போட்டோ, இரவு பைக் சத்தம், விடிந்தால் மறுபடி போட்டோ. உங்கள் ஜன்னலின் கீழேயே புதுமணத் தம்பதியின் கேமராக் கூட்டம் நின்றால் வியப்படைய வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை முதல் வாடகை ஏறும். ஞாயிறு மாலை இறங்கும். கப்பல் தேதி உங்கள் கையில் இருந்தால், ஞாயிறு அல்லது திங்கள் கரையிறங்கும் பயணத்தைப் பிடியுங்கள். அதே அறை, பாதிச் சத்தம், குறைந்த காசு.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் ஓடக்கூடாது. நடப்பவர்களுக்கு அது பெரிய வரம். இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு தாத்தா, தூங்கி விழும் குழந்தையோடு ஏழு மணிக்கு வந்து சேரும் குடும்பத்துக்கு அப்படியல்ல. பின்பக்க வீதியில் வாசல் இருக்கிறதா, இருட்டிய பிறகு வண்டி எதுவரை வரும் என்று ஹோட்டலில் கேட்டுவிட்டே முன்பணம் கட்ட வேண்டும்.

கடல் தெரியும் அறை என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ். எதிரே கடல், சுற்றிலும் தோட்டம், சுத்தம், நியாயமான வாடகை. விதிகளும் உண்டு. குடி கூடாது, புகை கூடாது, இரவு பத்தரை வாக்கில் வாயில் பூட்டப்படும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. கப்பலில் விடிய விடியப் பாட்டு கேட்டு வந்தவருக்குப் பூட்டிய வாயிலைவிடச் சிறந்த மருந்து இல்லை என்பது என் கட்சி. ஆனால் தரிசன நாட்களில், அதாவது பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தேதிகளை ஒட்டி, ஆசிரம விடுதிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் மாதக்கணக்கில் முன்பே எழுதிப் போட்டிருப்பார்கள்.

ஆசிரமம் என்றதும் கோல்கொண்டே கட்டிடத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கும் விடுதிதான், ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கு அல்ல. 1930-களில் கட்டிடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஹைதராபாத் நிஜாமின் நன்கொடையில் எழுந்ததால் அந்தப் பெயர். சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய பலகைகளை வரிசையாகப் பொருத்தி, கடற்காற்று அறைக்குள் நுழைந்து வெளியேறும்படி செய்தார்கள். ஏசி இல்லாமலே குளிர்ச்சி. பாண்டிச்சேரியில் சுகமான அறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எண்பது ஆண்டுக்கு முன்பே விடை எழுதிவிட்டார்கள். பின்னால் வந்த ஹோட்டல்காரர்கள் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை; ஜன்னலை அடைத்து ஏசியை மாட்டினார்கள்.

திண்ணைப் பக்கம்

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வேறு உலகம். வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி. தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே வானம் தெரியும் முற்றம். கீழ்த்தளம் தமிழ் வீடு, மாடி பிரெஞ்சு வளைவு என்று இரண்டும் கலந்த வீடுகளை இங்கேதான் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. பெருமாள் கோயில் வீதியில் அப்படி ஒரு பழைய தமிழ் வீடுதான் ‘மேசோன் பெருமாள்’ என்ற ஹோட்டலாகியிருக்கிறது. ஒயிட் டவுனில் உள்ள அதே தரம், கூட்டம் மட்டும் இல்லை. காலையில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். சில தெரு தள்ளி நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. பெரிய சந்தையில் மீன் வாங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம்.

முற்றத்து வீட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. முற்றத்தில் யார் பேசினாலும் மாடி அறைவரை கேட்கும். ஆகவே முற்றத்தைப் பார்த்த அறையைவிடப் பின்கட்டு அறை நல்லது. பழைய வீடுகளின் படிக்கட்டு குறுகல், செங்குத்து; லிப்ட் இருக்காது. முழங்கால் வலிக்காரர் கூட வந்தால் கீழ்த்தள அறை என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்குக் கப்பலே ஒரு காரணம். பல நாள் அலைமேல் இருந்த உடம்புக்குக் கரையில் இறங்கிய பிறகும் தரை ஆடுவதுபோலத் தோன்றும். பெரும்பாலோருக்கு ஒரு நாள், இரண்டு நாளில் தானாகப் போய்விடும். ஆனால் அந்த இரண்டு நாள்தான் நீங்கள் பாண்டியில் இருக்கப்போகும் இரண்டு நாள். கைப்பிடி இல்லாத மரப்படியில் இரவு இறங்குவதற்கான நேரம் அதுவல்ல.

பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு அண்ணா சாலைக்கு அப்பால் உள்ள சாதாரண நவீன ஹோட்டல்களே பொருத்தம் என்று துணிந்து சொல்வேன். லிப்ட் உண்டு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டு, வண்டி வாசல்வரை வரும், காலையில் இட்லி பொங்கல் கிடைக்கும். முகப்பு அழகாக இருக்காது. அதனாலென்ன? அழகைப் பார்க்க ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம். ஒன்று மட்டும்: காந்தி வீதிப் பக்கம் அறை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட் தெருவை முழுசாக எடுத்துக்கொள்ளும். அன்று காரில் வந்து இறங்க முடியாது. மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயில் பக்கமானால் அதிகாலை மணி உங்களை எழுப்பும். அது சிலருக்குப் பிடித்தும் இருக்கலாம்.

மழைக்காலத்தில் தாழ்வான பகுதிகளைத் தவிர்ப்பது அவசியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர். ராணுவம் படகோடு வந்தது. கடலை ஒட்டிய பழைய நகரம் சற்று மேடு. பிரெஞ்சுக்காரர்கள் குடியிருக்க இடம் தேர்ந்தெடுத்ததில் கணக்குத் தப்பவில்லை.

பெயரில் பாண்டி, நிலத்தில் தமிழ்நாடு

போனில் ‘பாண்டிச்சேரி பீச் ரிசார்ட்’ என்று வருவதில் பாதி பாண்டிச்சேரியிலேயே இல்லை. செரினிட்டி கடற்கரை இருக்கும் கோட்டக்குப்பமும், அதற்கு வடக்கே பொம்மையார்பாளையமும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். மணலும் அலையும் வேண்டுமென்றால் அங்கே போகத்தான் வேண்டும்; நகரக் கடற்கரையில் பெரும்பகுதி கருங்கல். ஆனால் நீங்கள் அலையைப் பார்த்து அலுத்து வந்தவர். நகரத்துக்குள் நடந்து திரிய ஆசைப்பட்டு ஆறு கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்தால், இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்ப ஆட்டோ பேரம் பேசியே இரண்டு நாளும் போகும். இரண்டு இரவுக்கு ரிசார்ட் வேண்டாம்.

தேதி விஷயமும் முக்கியம். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் கார்டிலியா கப்பல் மேற்குக் கரையை விட்டுச் சென்னைப் பக்கம் வருகிறது. அதனால் நம் கப்பல் பயணிகள் பாண்டிக்கு வருவது பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில். அப்போது ஊரில் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம்; பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக் குடும்பங்களின் உறவினர்கள் பாரிஸிலிருந்தும் ரீயூனியனிலிருந்தும் விடுமுறைக்கு வந்திருக்கும் சமயம். ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். ஆகஸ்ட் 15 சுதந்திர தினமும் அரவிந்தர் பிறந்தநாளும் ஒன்றாக வரும். அந்த வாரம் அறைக்குத் தட்டுப்பாடு. பார்க்க ஆசையிருந்தால் முன்பே பதிவு செய்யுங்கள். ஓய்வுதான் நோக்கம் என்றால் அந்த வாரத்தைத் தாண்டி வாருங்கள்.

பகல் பன்னிரண்டு மணிச் சிக்கல்

கப்பல் காலையில் இறக்கிவிடும். சென்னையில் காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பினால் நண்பகலில் பாண்டி. ஹோட்டல்களில் செக்-இன் பன்னிரண்டு, சில இடங்களில் இரண்டு மணி. கசங்கிய துணியோடு ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம் கப்பல் சுகம் முழுவதையும் கெடுத்துவிடும். பெட்டியை வைத்துக்கொள்வார்களா, முகம் கழுவ இடம் தருவார்களா, முந்தைய நாள் காலியாக இருந்தால் முன்னதாகவே அறை கிடைக்குமா என்று இரண்டு நாள் முன் போன் செய்து கேளுங்கள். பதில் சொல்லும் தொனியிலேயே அந்த ஹோட்டல் எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் மாமல்லபுரத்தில் நிதானமாக மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்கு வந்து சேரலாம்.

துணி இன்னொரு பிரச்சினை. கப்பலில் சலவைக்குக் கொடுக்க மனம் வராமல் மூட்டையாகக் கொண்டு வந்திருப்பீர்கள். காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரியில் இஸ்திரிக் கடைகள் ஒயிட் டவுனைவிடத் தமிழர் பகுதியில்தான் எளிதில் கண்ணில் படும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை, மலேசியா, பிரான்ஸ், எந்த நாட்டுக் கடவுச்சீட்டானாலும் தங்கும் இடம் உங்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் விளம்பரம் இல்லாமல் தெரிந்தவர் மூலம் அறை விடும் வீடுகளில் இதைச் செய்கிறார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அடுத்த இடம் பாருங்கள்.

வரிக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370. 7,600 ரூபாய் அறைக்கு 1,368. இருநூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் 1,198 ரூபாயாக மாறும். அந்த எல்லையில் நிற்கும் அறைகளை ஒரு முறை பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

என்னைக் கேட்டால் இதுதான் தீர்ப்பு. இருவர் மட்டும், கால் வலு உண்டு, வார நாள் என்றால் வைசியாள் வீதி அல்லது பெருமாள் கோயில் வீதிப் பக்கம் முற்றத்து வீட்டின் பின்கட்டு அறை. தனியாக வருகிறவர், குடிப் பழக்கம் இல்லாதவர் என்றால் ஆசிரம விடுதி. பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த கூட்டமென்றால் அண்ணா சாலைப் பக்கம் லிப்ட் உள்ள ஹோட்டல். ஒயிட் டவுன் அறை, யாராவது வாடகை கொடுத்தால் மட்டும். எந்த இடமானாலும் ஆன்லைனில் பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே ஒரு போன் போடுங்கள். எந்தத் தளம், எந்தத் தெருவைப் பார்த்த ஜன்னல், வண்டி எதுவரை வரும், எத்தனை மணிக்கு அறை கிடைக்கும் என்ற நான்கு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.